குரலை நெரித்த ஐந்து வரி

வெள்ளிக்கிழமை. காலை 9.04.

மின்னலின் கணினி இருபது வினாடி பேசிவிட்டுச் செத்துப்போனது.

மின்னல் என்பது அலுவலகம் வைத்த பெயர். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் சிறிய அலுவலகம் அது. விசாரணைகள், வாக்குமூலங்கள், காப்பீட்டுத் தகராறுகள். பேசுகிறவர் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் அவள் விரல்கள் முந்தைய வாக்கியத்தை முடித்திருக்கும். அதனால் மின்னல். பிறவியிலேயே கண் தெரியாது. அதை யாராவது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

அவளுக்குத் திரை என்பது ஒரு குரல். அவளுடைய லினக்ஸ் கணினியில் கடவுச்சொல்லைத் தட்டியதும், திரையில் உள்ளதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் நிரல் தானாகவே எழுந்துகொள்ளும். அதை அவள் மூன்று மடங்கு வேகத்தில் வைத்திருந்தாள். மற்றவர்கள் காதுக்கு அது தகரத்தில் கடுகு கொட்டுகிற சத்தம். "இதுல உனக்கு என்னதான் புரியுதோ" என்று கேட்காதவர் அந்த அலுவலகத்தில் இல்லை.

அன்று காலையும் மேசை ஒலிபெருக்கியில் கடுகு கொட்டியது. "வணக்கம். மேசைத்தளம் தயார். அச்சுப்பொறியில் தாள் இல்லை. புதிய அஞ்சல் நா..."

அவ்வளவுதான்.

மின்னல் காத்திருந்தாள். பிறகு குரலை எழுப்பும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். "திரைபடிப்பான் இயங்கு..." மறுபடி மௌனம். மறுபடி அழுத்தினாள். ஒரு சொல் எழும்பியது, அதுவும் பாதியில் போனது. யாரோ பக்கத்தில் நின்று அது வாய் திறக்கும்போதெல்லாம் கழுத்தைப் பிடிப்பது போல் இருந்தது.

ஒலிபெருக்கிதான் பழுதோ என்று, நேற்றுக் காலைக்குப் பிறகு தொடாத ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அது சரிந்து காதுக்குக் கீழே தொங்கியது. எரிச்சலோடு பட்டையை உள்ளே தள்ளி மாட்டிக்கொண்டாள். அறை கூட்டுகிறவர் தட்டிவிட்டிருப்பார். ஹெட்போனிலும் அதே கதைதான்.

"என்ன, காலங்காத்தால அதைப் போட்டு அடிச்சிட்டிருக்க?"

கமா வந்துவிட்டாள். பிழை திருத்துபவள். ஒரு வரியில் நான்கு காற்புள்ளியாவது போட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அதில் வந்த பெயர். ஆறு வருடமாக மின்னலுக்கு அடுத்த நாற்காலி.

"பேச்சு வரல கமா. ஆரம்பிக்குது, உடனே செத்துப்போகுது."

"அய்யோ, இன்னிக்கா? அஞ்சு மணிக்கு அந்த ஆலை விசாரணையைக் குடுக்கணுமே!" தோள்பையைத் தன் நாற்காலியில் போட்டாள். "பதறாத. சிஸ்டம்காரர் வந்துட்டாரான்னு பாக்கறேன்."

சும்மா நிற்கத் தெரியாத கால்கள் அவளுடையவை. அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை உருவிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். கோடியில் இருந்த அறையின் கதவு கிறீச்சிட்டது. தாள் கட்டைப் பிரிக்கும் சத்தம் வந்தது. பிறகு படிக்கட்டுப் பக்கம் போய் அவள் குரல் கொடுப்பதும் கேட்டது. "சிஸ்டம்காரரே! கொஞ்சம் சீக்கிரம் ஏறி வாங்க!"

காலை 9.22.

சிஸ்டம்காரர் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். அந்த வேலையைத் தவிர எல்லா வேலையும் அவருக்குப் பிடிக்கும். மின்னலின் மேசைக்கு வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"இதுல மானிட்டரே இல்லையே மேடம். நான் எதைப் பாக்கறது?"

"போன மாசம் நீங்கதானே கழட்டிட்டுப் போனீங்க?"

"மேலாளர் சொன்னாரு, கழட்டினேன்."

மேலாளர் பின்னாலேயே வந்தார். ஆளுக்கு முன்னால் குரல் வரும். "ஆமா, சொன்னேன். கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு ஸ்கிரீன்? இப்ப என்ன பிரச்சினை? நேத்து நீங்க எல்லாரும் போனப்புறம் ஒத்தை ஆளா நின்னு அம்பது பக்கம் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருக்கேன். இன்னிக்கும் நானே எல்லாத்தையும் பாக்கணுமா?"

மின்னல் நடந்ததைச் சொன்னாள். அவர் பாதியிலேயே குறுக்கிட்டார்.

"நீ ஏதாவது கீயை மாத்தி அமுக்கியிருப்பம்மா."

"பதினோரு வருஷமா அமுக்கறேன் சார். மாத்தி அமுக்கல."

"சரி, விடு. நேரமில்ல. கமா, அந்தப் பதிவை நீ எடுத்துக்கோ. எவ்வளவு பாக்கி?"

"ஒரு மணி நேரப் பதிவு பாக்கி. எனக்கு மூணு மணி நேர வேலை" என்றாள் மின்னல். "சார், அதை நான்..."

"நீ இன்னிக்கு ரெஸ்ட் எடு."

கமா தயங்கினாள். "அது அவளோட வேலை சார்." மேலாளர் கையை வீசினார். கமா எடுத்துக்கொண்டாள்.

மின்னலுக்குக் கன்னம் சுட்டது. அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளி இறந்துபோயிருந்தான். விசாரணை அதிகாரி அன்றே ஆலைக்குள் போய் எடுத்த பதிவு அது. இயந்திர இரைச்சல், அழுகை, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது. அதிலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்க நான்கு நாள் காதைக் கொடுத்திருந்தாள். யாருக்காவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அது கமாவாவது இருக்கட்டும்.

"கமா, பத்தொம்பதாவது நிமிஷத்துல அதிகாரி பேசும்போது பின்னால தூரத்துல ஒரு குரல் இருக்கு. ஜாக்கிரதையா கேளு."

"தெரியும். புதன்கிழமை நீ குடுத்த வரைவுலயே பாத்தேன்."

மின்னல் தன் கைபேசியை எடுத்து ஓரகத்தியைக் கூப்பிட்டாள்.

காலை 10.15.

ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி மனைவி, இரண்டு தெரு தள்ளி கணினியும் கைபேசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். வீட்டில் துணி உலர்த்தும் கொடிக்காக இரண்டு பேருக்கும் வாரம் ஒரு சண்டை உண்டு. அந்த வாரத்துச் சண்டை இன்னும் தீரவில்லை. இருந்தும் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சின்ன மானிட்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"எவன்க்கா உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னது? இந்தத் தொப்பைக்காரனா?"

"மெதுவாப் பேசு. அவர் இங்கதான் நிக்கறாரு."

"நின்னா நிக்கட்டும்."

அவள் கணினியின் முதுகைத் திருப்பினாள். "மானிட்டர் மாட்டற இடத்துல டேப் ஒட்டியிருக்கு. யாரு ஒட்டினது?"

"நான்தான்" என்றார் சிஸ்டம்காரர். "கழட்டினப்போ ஒட்டினேன். தூசி போகக் கூடாதுன்னு."

"டேப் மேலயே ஒரு மாசத் தூசி உக்காந்திருக்கு." சர்ரென்று கிழித்தாள். மானிட்டரைச் சொருகினாள். விசைகளைத் தட்டினாள்.

"அக்கா, தானா ஆரம்பிக்கிற நிரல்களோட பட்டியல் வந்திருக்கு. பேச்சு நிரல் இருக்கு, டிக்கும் இருக்கு. நெட்வொர்க், வால்யூம், பிரிண்டர் அறிவிப்பு. வேற ஒண்ணும் இல்ல."

"பாருங்க!" சிஸ்டம்காரர் குரலில் நிம்மதி. "டிக் எடுக்கல, ஒண்ணும் பண்ணல. மிஷின் கோளாறு."

"கோளாறுன்னா ஏன் ஒவ்வொரு தடவையும் எழுந்திரிச்சு, எழுந்திரிச்சுச் சாகுது?" மின்னல் கேட்டாள். "டிக் இல்லன்னா எழவே எழாது. இது எழுந்தப்புறம்தான் சாகுது. அப்போ ஆரம்பிக்கிறது தடைபடல. வேற எதுவோ கூடவே ஆரம்பிக்குது."

ஓரகத்தி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு சொன்னாள். "பட்டியலை நம்பக் கூடாது. அந்தப் பட்டியல் எந்தப் பெட்டியிலேர்ந்து வருதோ, அந்தப் பெட்டியையே தொறந்து பாக்கணும்."

தட்டினாள். நின்றாள்.

"அக்கா. பட்டியல்ல நாலுதான் இருந்துச்சு. உன் கோப்புறைக்குள்ள அஞ்சாவதா ஒரு கோப்பு இருக்கு. ஒலி உதவின்னு பேரு."

"படி."

"தலைப்பைத் தள்ளினா அஞ்சே வரி. இது ஒரு நிரல். இதோட பேரு ஒலி உதவி. மூணாவது வரிதான் கட்டளை. பேச்சு நிரல் எங்க தலை தூக்கினாலும் கொல்லு, மூணு செகண்டுக்கு ஒருதடவை திரும்பத் திரும்பப் பாரு. நாலாவது வரி, உள்ளே நுழைஞ்சு இருபது செகண்ட் கழிச்சுத் தொடங்கு. அஞ்சாவது..." அவள் பல்லைக் கடித்தாள். "இந்தப் பேரைப் பட்டியல்ல காட்டாதே."



"எதுக்கு இருபது செகண்ட்?" மின்னல் கேட்டாள்.

"பேச்சு வரவே இல்லன்னா நேரா பட்டியலைத்தான் பாப்போம். வந்துட்டு நின்னா இவரை மாதிரி மிஷின் கோளாறுன்னு கையை விரிப்போம். அதுக்குத்தான்."

"எப்ப வெச்சது?"

"நேத்து வியாழன். மதியம் ஒண்ணு இருபத்து மூணு. சாயங்காலம் நீ மிஷினை அணைச்சுட்டுப் போயிருக்க. இன்னிக்குக் காலையில நுழைஞ்சதும்தான் அது முழிச்சிருக்கு."

"உரிமையாளர் பேரு?"

ஓரகத்தி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலாளர் குனிந்து பார்த்து, அவளுக்குப் பதிலாகச் சொன்னார்.

"உன் பேருதாம்மா."

காலை 10.50.

மேலாளர் தன் அறையில் எல்லோரையும் நிற்க வைத்தார். அவருக்கு இப்போது கோபம் இல்லை. அதைவிட மோசமாக, பொறுமை வந்திருந்தது.

"கூட்டிக் கழிச்சுப் பாக்கலாம். கோப்பு உன் பேர்ல இருக்கு. உன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ள போனாத்தான் அப்படி வரும். சரியா?"

"சரி."

"வெளியேர்ந்து நெட்வொர்க் வழியா யாராவது நுழைஞ்சிருக்கலாமா?"

சிஸ்டம்காரர் இருமினார். "நேத்து ஒரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் நெட்வொர்க்கே இல்ல சார். நான் தாழ்வாரத்துல ஏணி மேல நின்னு வயர் மாத்திட்டிருந்தேன்."

"மிஷினோட பதிவேட்டுலயும் அப்படித்தான் இருக்கு" என்றாள் ஓரகத்தி வேண்டாவெறுப்பாக. "ஒண்ணு பதினேழுக்கு அக்காவோட விசைப்பலகையிலேர்ந்துதான் பூட்டைத் தொறந்திருக்காங்க."

"மானிட்டர் கொண்டுவந்து மாட்டியிருக்கலாமா?"

"டேப் கிழியல."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். அது முனகியது. "அப்போ ஸ்கிரீன் இல்லாத மிஷின்ல உக்காந்து, காதால மட்டும் கேட்டு அஞ்சு வரி எழுதியிருக்காங்க. அப்படி வேலை செய்யத் தெரிஞ்சவ இந்த ஆஃபீஸ்ல நீ ஒருத்திதான். வேலையை நேரத்துக்கு முடிக்க முடியல, மிஷின் மேல பழி போட்டுட்ட. ஒத்துக்கோ. நான் மேல எழுதிப் போடல. நீயா ராஜினாமா குடுத்துட்டுப் போ."

பதினோரு வருடம். ஒரு தாமதம் இல்லை. மின்னலின் கை மேசை விளிம்பைப் பற்றியது. கத்தினால், கண் தெரியாதவள் கத்துகிறாள் என்று ஆகிவிடும். அழுதால் அதைவிடக் கேவலம். அவள் கோபத்தை வாய்க்குள்ளேயே வைத்துக் கடித்தாள்.

"சார், நானும் கொஞ்சம் கேள்வி கேக்கறேன். பதில் மட்டும் சொல்லுங்க. நேத்து ஒண்ணு பதினேழுக்கு எங்க இருந்தீங்க?"

"என்னையே கேக்கறியா? இந்த ரூம்ல. கதவைச் சாத்திட்டு சாப்பிட்டுட்டிருந்தேன்."

"நான் சமையலறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். போறப்போ மிஷினைப் பூட்டிட்டுத்தான் போனேன். சிஸ்டம்காரரே, ஏணி மேலேர்ந்து எங்க ரூமுக்குள்ள தெரியுமா?"

"சுவத்தைப் பாத்துல்ல நின்னேன் மேடம். ஆனா சத்தம் கேக்கும். உங்க மிஷின் கடுகு கொட்டியிருந்தா கேட்டிருப்பேன். கேக்கல."

"இந்த மாதிரி கோப்பு வைக்க யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். மிஷின் மெதுவா எழும்புதுன்னு போன மாசம் நான்தானே வகுப்பு எடுத்தேன்? எந்த நிரல் தானா ஆரம்பிக்கணும், எதை நிறுத்தணும், எதைத் தாமதமா விடணும், எதைப் பட்டியல்லேர்ந்து மறைக்கலாம்னு எல்லாம் சொன்னேன். சாரும் இருந்தாரு, கமாவும் எழுதிக்கிட்டாங்க."

"என் கடவுச்சொல்?"

சிஸ்டம்காரர் மறுபடி இருமினார்.

"அதுக்கும் நானே பதில் சொல்றேன். என் விரல் எந்த எழுத்துமேல போகுதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். யாரு பாக்கறாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியாது." அவள் திரும்பினாள். "கமா?"

"நான் என் சீட்டுலயே டப்பாவைப் பிரிச்சுச் சாப்பிட்டேன். அப்புறம் கை கழுவப் போனேன். யாரு வந்தாங்கன்னு பாக்கல." கமாவின் குரல் மெல்லியது. "என்னையுமா சந்தேகப்படற? உன் மிஷின் கத்தறதுல ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாதே. ஸ்கிரீனும் இல்லாம நான் அதுல என்னத்தைப் பண்றது?"

"ஆமா" என்றாள் மின்னல். "அதுதானே எல்லாரும் சொல்றது."

அவள் சட்டென்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். காலையில் சரிந்து விழுந்த ஹெட்போன்.

"என் மேசை ஹெட்போனை எடுத்துட்டு வா" என்றாள் ஓரகத்தியிடம். அது வந்ததும் மேலாளர் முன்னால் வைத்தாள். "இந்தப் பட்டையில அளவு மாத்தப் பல்லு இருக்கும். எனக்கு எப்பவும் கடைசிப் பல்லு. என் தலை சின்னது. நேத்துக் காலைக்கு அப்புறம் நான் இதைத் தொடவே இல்ல. இன்னிக்குக் காலையில மாட்டினப்போ காதுக்குக் கீழ தொங்குச்சு. நான்தான் திரும்ப உள்ள தள்ளினேன். கூட்டறவர் தட்டிவிட்டிருப்பாருன்னு நெனச்சேன். தட்டினா கீழ விழும் சார், ரெண்டு பக்கமும் சமமா நீளாது. நேத்து இதை யாரோ தலையில மாட்டியிருக்காங்க. நானே அந்த அஞ்சு வரியை எழுதியிருந்தா, என் தலை நேத்து மதியம் பெருத்து, இன்னிக்குக் காலையில சுருங்கிடுச்சா?"

மேலாளர் ஹெட்போனை எடுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தார்.

"பேச்சு வெளிய கேக்கக் கூடாதுன்னு மாட்டியிருக்காங்க. ஏணி மேல ஆள் நிக்கறாரே. அப்போ அந்தக் கடுகு கொட்டற சத்தம் புரியற இன்னொரு ஆள் இந்த ஆஃபீஸ்ல இருக்கு. சார், நேத்து கடைசியா பிரிண்டரைத் தொட்டது யாரு?"

"நான்தான். ஆறு மணிக்கு. நீங்க எல்லாம் நாலரைக்கே போயிட்டீங்களே. கடைசிப் பக்கம் வந்ததும் பேப்பர் தீந்துடுச்சு. அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதையெல்லாம் யார்கிட்ட சொல்லுவாங்க?"

மின்னல் மெதுவாகக் கமாவின் பக்கம் திரும்பினாள்.

"காலையில நீ வந்தப்போ பை தோள்ல இருந்துச்சு. உன் மிஷினை இன்னும் போடல. பிரிண்டர் தாழ்வாரக் கோடியில மூடின ரூமுக்குள்ள இருக்கு. நீ வந்தது படிக்கட்டுப் பக்கத்துலேர்ந்து. நேரா அலமாரிக்குப் போன, ஒரு கட்டு பேப்பரை எடுத்த, போய் வெச்ச. பேப்பர் இல்லன்னு உனக்கு யாரு சொன்னது கமா?"

கமா ஓர் அடி பின்வாங்கினாள்.

"நான் சொல்றேன். என் மிஷின் சொல்லிச்சு. சாகறதுக்கு முன்னாடி அது கடைசியா சொன்ன முழு வாக்கியம் அதுதான். அச்சுப்பொறியில் தாள் இல்லை. மூணு மடங்கு வேகத்துல. நீ படியேறி வந்துட்டிருந்தப்போ அது காதுல விழுந்திருக்கு. யோசிக்காம உன் கால் அலமாரிக்குப் போயிடுச்சு. புரியலன்னு வாயால சொல்லலாம். காலுக்குப் புரிஞ்சுடுச்சே!"

"சும்மா... சும்மாதான் வெச்சேன்" என்றாள் கமா.

"சரி." மின்னல் ஓரகத்தியின் பக்கம் திரும்பினாள். "அவ மிஷின்ல அந்த விசாரணைக் கோப்பைத் தொற. பின்னணின்னு தேடு. தூரத்துக் குரலை நான் அப்படித்தான் குறிப்பேன்."

ஓரகத்தி அடுத்த அறைக்குப் போனாள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள். "புதன்கிழமை வரைவுல ஒரு இடத்துல இருக்கு. இன்னிக்குக் காலையில இவங்க திருத்தின கோப்புல ஒண்ணுமே இல்ல. அந்த வரியே காணோம்."

"அந்தக் குரல் யாரோடது?" மின்னல் கேட்டாள்.

கமா சுவரில் சாய்ந்தாள். அழுகை வந்தது.

"என் அண்ணன். அங்க ஷிப்ட் மேற்பார்வை அவன்தான். உன் வரைவைப் படிச்சதும் அன்னிக்கு ராத்திரியே அவனைக் கேட்டேன். ஒத்துக்கிட்டான். அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க மின்னல். வேணும்னு பண்ணலையே, வேலை வேகமா நடக்கட்டும்னு வெட்டற மிஷினோட பாதுகாப்பு மூடியைக் கழட்டச் சொன்னான். நான் அந்த வரியை எடுத்தாலும், அனுப்பறதுக்கு முன்னாடி நீ கேட்டுக் கண்டுபிடிச்சுடுவ. உனக்குக் கெடுதல் வரணும்னு நெனைக்கல. மிஷின் கோளாறுன்னு முடிஞ்சுடும், ஒரு நாள் லீவு போடுவ, அவ்வளவுதான்னு..."

"பத்து நிமிஷம் முன்னாடி இவர் என்னை ராஜினாமா கேட்டாரு. பக்கத்துலதான் நின்ன. வாயைத் தொறந்தியா?"

கமா மூக்கை உறிஞ்சினாள்.

"செத்தவனுக்கும் பொண்டாட்டி இருக்கா. அவ அழறது முப்பத்திரண்டாவது நிமிஷத்துல இருக்கு. ஒவ்வொரு சொல்லா நான்தான் தட்டினேன். இரைச்சல்ல பாதி கேக்கலன்னு ஏழு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டுத் தட்டினேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். மின்னல் கையை உயர்த்தினாள். அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்கும்போதுதான் அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"எத்தனை வருஷமா புரியுது?"

"நாலு... நாலு வருஷம் இருக்கும். தினமும் காதுல விழுந்து விழுந்து தானா..."

"நாலு வருஷம். ஆஸ்பத்திரிலேர்ந்து எனக்கு ரிப்போர்ட் வந்தப்போ இங்க உக்காந்துதான் படிச்சேன். இவ பக்கத்துல இருக்கா, ஆனா புரியாது, இது எனக்கு மட்டும்னு நெனச்சுப் படிச்சேன். மறுநாளே வெந்நீர்ப் பை வாங்கிட்டு வந்து குடுத்த. நான் உன்கிட்ட எதுவும் சொல்லல, எப்படிடி தெரிஞ்சுதுன்னு கேட்டேன். முகத்தைப் பாத்தாலே தெரியுதுன்ன. அன்னிக்கு வீட்டுல போய் என் வீட்டுக்காரர்கிட்ட எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா? என் முகத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கற ஒருத்தி எனக்கு இருக்கான்னு."

"மின்னல்..."

"அந்தப் பேரைச் சொல்லாத."

பகல் 12.10.

ஓரகத்தி அந்த ஐந்து வரிக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்தாள். பிறகு கணினியிலிருந்து அழித்தாள். ஓடிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினாள். மின்னல் மூன்று விசைகளை அழுத்தினாள். குரல் எழுந்தது. நிற்காமல் பேசியது. அவள் உடனே ஹெட்போனைச் சொருகி, ஒலிபெருக்கியை அணைத்தாள். கடவுச்சொல்லை மாற்றும்போது விரல்களின் மேல் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டாள்.

கமா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மாலை 4.47.

கடைசி வரிக்குப் புள்ளி வைத்தாள். மேலாளர் முழுவதையும் படித்துவிட்டு மேசைக்கு வந்தார். அன்று முழுக்க அவர் குரல் தாழ்ந்தே இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. அந்தப் பத்தொம்பதாவது நிமிஷம் மட்டும்... தூரத்துக் குரல்தானே. தெளிவில்லைன்னு போட்டுட்டா நமக்கும் தொந்தரவு இல்ல. நம்ம ஆளோட அண்ணன்னு வெளிய தெரிஞ்சா ஆஃபீஸ் பேரும்..."

"எனக்குத் தெளிவாக் கேட்டுது சார்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"'மூடியை நான் கழட்டச் சொன்னது யாருக்கும் தெரிய வேணாம், இப்பவே திருப்பி மாட்டிடு.' ஒவ்வொரு எழுத்தும் கேட்டுது. கீழ கையெழுத்துப் போடுங்க. அந்தப் பென்டிரைவையும் உறையில வைங்க. எதுக்காகக் குடுக்கறோம்னு ரெண்டு வரி நான் தட்டியிருக்கேன். காலையில என்கிட்ட ராஜினாமா கேட்டதையும் அதுல எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் போடுங்க, படிக்காமலும் போடுங்க. ஆனா போடுங்க."

பேனா தாளில் உரசும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். கேட்டது. விசாரணை அதிகாரியின் ஆள் ஐந்து மணிக்கு வந்து உறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அவன் காலடி தெருவில் கரையும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

ஓரகத்தி கீழே வண்டியோடு நின்றாள். "ஏறுக்கா. வீட்டுல எல்லாரும் காத்துட்டிருப்பாங்க."

"நீ வண்டியை உருட்டிட்டு வா" என்றாள் மின்னல், கைத்தடியை விரித்தபடி. "எனக்கு இன்னும் கோபம் அடங்கல. நான் நடக்கணும்."